லீஸில் புதிய காரா, ஆசைப்பட்ட பழைய சிவிக்கா?

வணக்கம். அலுவலகத்தின் லீஸ் திட்டத்தில், அதாவது மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் குத்தகைக்கு, புதிய கார் எடுப்பதா, கல்லூரி நாள் முதல் ஆசைப்பட்ட ஹோண்டா சிவிக்கின் 2011 மாடல் ஒன்றைச் சென்னையில் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்ட வேறு வண்டி இல்லை என்கிறீர்கள். பழைய வண்டி பழுதாகி நின்றால் மாற்று இருக்காது; ஆகவே லீஸ்தான் என் தேர்வு. ஆனால், விரைவில் வேலை மாறும் எண்ணமிருந்தால் அது வேண்டாம். இடையில் விலகினால், மீதித் தொகையைக் கட்டி வண்டியை எடுத்துக்கொள்ளவோ, அபராதத்துடன் திருப்பித் தரவோ நேரிடும்.

சிவிக்கின் 1.8 லிட்டர் எஞ்சின் நன்றாக உழைக்கும். தொல்லையெல்லாம் அதன் தாழ்ந்த அடிப்பாகமும் நம் ஊர் வேகத்தடைகளும்தான். தவிர, பதிவுச் சான்று 15 ஆண்டுகளில் முடிவதால், தகுதிச் சோதனைக்கு வண்டியைக் காட்டி, பசுமை வரியும் கட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

மனம் கேட்கவில்லையென்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதையாவது பார்த்துவிடுங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். நான் பார்க்கப் போன ஒரு காரில் இருக்கைகள் பளபளவென்று இருந்தன. பெல்ட்டின் கடைசி ஒரு சாணில் மட்டும் சேற்றுக் கறை காய்ந்து கிடந்தது.