என்ஐஏ வழக்குகளில் அரசுத் தரப்பில் நிற்கலாமா?

கேள்வி: திருநெல்வேலியில் வழக்கறிஞராகப் பதிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது. கிரிமினல் சீனியர் ஒருவரிடம் ஜூனியராக இருக்கிறேன். அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தேசப் பாதுகாப்பு வழக்குகளில் அரசுத் தரப்பில் வாதாட வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்தே எனக்கு ஆசை. என்ஐஏ எனப்படும் தேசியப் புலனாய்வு முகமையின் வழக்கறிஞர் ஆவது எப்படி? அதற்கென்று எல்.எல்.எம். படிக்க வேண்டுமா? இதைச் சொன்னபோது கூடப் படித்த தோழி, "உபா கேஸில் அரசுக்கு ஆஜராகிறவளுக்கு மனசாட்சி எதற்கு?" என்று கேட்டுவிட்டாள். அம்மாவுக்கோ உயிர்ப் பயம். ஆசையை விட்டுவிடவா?
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: உங்கள் தோழியின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன் அம்மா. படிப்பும் தகுதியும் பிறகு பார்க்கலாம். அவர் கோபத்தில் கேட்டிருக்கலாம். ஆனால் இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மனசாட்சி உள்ளவர்தான் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) போன்ற கடுமையான சட்டத்துக்குள்ளும் அரசு வழக்கறிஞரின் மனசை நம்பியே விட்ட இடங்கள் சில இருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாரண வழக்கில் கைதானவர் மீது 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் அவருக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். உபாவில் அந்தக் கெடுவை 180 நாள்வரை நீட்டிக்கலாம். ஆனால் போலீஸ் மனுப் போட்டால் மட்டும் நீட்டிக்க முடியாது. 43டி பிரிவு அரசு வழக்கறிஞரின் அறிக்கையைக் கேட்கிறது. விசாரணை எதுவரை வந்திருக்கிறது, 90 நாளுக்கு மேலும் இவரை உள்ளே வைக்கக் குறிப்பான காரணம் என்ன என்று அதில் அவர் எழுத வேண்டும்.

நடைமுறையில் இது எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். கெடு முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, கோர்ட் கலைந்த சாயங்கால நேரத்தில், விசாரணை அதிகாரி கேஸ் டைரியோடு வருவார். அறிக்கை ஏற்கெனவே டைப் செய்யப்பட்டிருக்கும். உங்கள் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கும். "செல்போன் தடயவியல் அறிக்கை வரவில்லை, வெளிமாநிலத் தொடர்புகளை விசாரிக்க வேண்டியுள்ளது" என்று இரண்டு வரி. போன வழக்கிலும் அதே இரண்டு வரிதான் இருந்திருக்கும். அங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. எந்த செல்போன்? மகஜர் (கைப்பற்றியதைப் பதியும் ஆவணம்) எழுதி எடுத்தது என்றைக்கு, லேபுக்கு அனுப்பியது என்றைக்கு? நடுவில் இத்தனை நாள் ஏன் சும்மா கிடந்தது? ஏழு பேர் கைதாகியிருக்கிறார்களே, ஏழு பேருக்கும் ஒரே காரணமா? போன் லேபில் இருக்கிறது என்பதற்காக இந்த ஆறாவது நபர் ஏன் சிறையில் இருக்க வேண்டும்? பதில் திருப்தியாக இருந்தால் அறிக்கையை நீங்களே உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒருவருக்கு எழுத முடியாது என்று சொல்லுங்கள்.

இது என் சொந்த ஆசையல்ல. பயங்கரவாத வழக்குகளுக்கு அப்போது இருந்த தடா சட்டத்தின் காலத்திலேயே, 1994இல், ஹிதேந்திர விஷ்ணு தாக்கூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அரசு வழக்கறிஞர் விசாரணை அமைப்பின் ஓர் அங்கமல்ல, தனித்து முடிவெடுக்க வேண்டியவர், போலீஸ் கொடுப்பதை வாங்கி அனுப்பும் தபால் நிலையமல்ல. அந்தத் தீர்ப்பின் இந்தப் பகுதியை மட்டுமாவது நகலெடுத்து மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். தேச நலனுக்கும் இதுதான் நல்லது. சட்டம் போட்ட படிகளில் ஒன்றைத் தாண்டினாலும் வழக்கு அங்கேயே சரியும். 2020இல் பிக்ரம்ஜித் சிங் வழக்கில், காவலை நீட்டித்தது சிறப்பு நீதிமன்றம் அல்ல, மாஜிஸ்திரேட் என்ற ஒரே காரணத்தால் கைதானவருக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்குத் தொடரப் பரிந்துரைக்க ஏழு நாள், அனுமதி தர ஏழு நாள் என்று விதித்த கெடுவையும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2024இல் புலேஷ்வர் கோப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவசரப்படும் அதிகாரியை நிறுத்திவைக்கும் அரசு வழக்கறிஞர்தான் வழக்கைக் காப்பாற்றுகிறார்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் அது என்ன ஆனது? நான்கு பேருக்குத் தூக்கு உறுதியானது, மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைந்தது, மீதி 19 பேரும் வெளியே வந்தார்கள். தடா குற்றமே இந்த வழக்கில் பொருந்தாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் தடாவின் கீழ் போலீஸ் அதிகாரி எழுதி வாங்கிய வாக்குமூலங்களை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013இல் வெளிப்படையாகச் சொன்னதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதவில்லை என்றார். 1991இல் 19 வயதில் கைதானவர் 2022 மே மாதம்தான் விடுதலையானார். எழுதாமல் விட்ட அந்த ஒரு வாக்கியம் எத்தனை வருடத்தைத் தின்றிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் அன்று பணியில் இருந்து செத்துப்போன காவலர்களின் குடும்பங்களையும் இதே மூச்சில் நினைக்கிறேன். அவர்களுக்கென்று நீதிமன்றத்தில் இருந்தவர் அரசு வழக்கறிஞர் ஒருவர்தான். நம்பத்தகுந்த வழக்கு ஒன்றைக் கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு.

தோழி சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று பட்டாலே ஜாமீன் கிடையாது என்கிறது 43டியின் ஐந்தாம் உட்பிரிவு. சாட்சியத்தை ஜாமீன் கட்டத்தில் எடை போடக் கூடாது என்று 2019இல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தக் கதவு இன்னும் இறுகியது. 2021இல் நஜீப் வழக்கில்தான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கேரளத்தில் பேராசிரியரின் கை வெட்டப்பட்ட வழக்கு அது. குற்றம் கொடியது. ஆனால் நஜீப் ஐந்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார், இன்னும் 276 சாட்சிகளை விசாரிக்க வேண்டியிருந்தது. இப்படி இழுத்துக்கொண்டே போனால் ஜாமீன் தர அரசியல் சாசன நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 276 பேரில் யார் யார் உண்மையிலேயே தேவை என்று வடிகட்ட வேண்டியவர் யார்? நீங்கள் போக விரும்பும் நாற்காலியில் இருப்பவர்தான். சாட்சிப் பட்டியலைப் பாதியாகக் குறைக்கும் தைரியம் ஓர் அரசு வழக்கறிஞருக்கு இருந்தால், குற்றம் செய்தவருக்குத் தண்டனையும் செய்யாதவருக்கு விடுதலையும் சீக்கிரம் வரும். இதைத் தோழியிடம் சொல்லுங்கள். அவரோடு பேச்சை நிறுத்திவிடாதீர்கள். நாளை அவர் எதிர்த்தரப்பில் நிற்கலாம், நிற்கட்டும்.

அழுத்தம் வருமா? வரும். 2008 மாலேகான் குண்டுவெடிப்பு வழக்கில் சிறப்பு அரசு வழக்கறிஞராக இருந்த ரோகிணி சாலியன், வழக்கில் மென்மையாகப் போகும்படி என்ஐஏ அதிகாரி ஒருவர் தம்மிடம் சொன்னதாக 2015இல் பத்திரிகைகளிடம் சொன்னார். என்ஐஏ அதை மறுத்தது. அந்த வழக்கில் ஏழு பேரும் 2025 ஜூலை இறுதியில் விடுதலையானார்கள். நான் இதைச் சொல்வது நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக. இந்தப் பதவி மத்திய அரசு நியமிப்பது, மத்திய அரசு எடுத்துவிடவும் கூடியது. இறுக்கச் சொல்லியும் அழுத்தம் வரும், தளர்த்தச் சொல்லியும் வரும். பதவி போனால் மறுநாள் காலையில் வக்காலத்து வாங்கிப் பிழைக்கத் தெரிந்தவர்தான் அங்கே நிமிர்ந்து பேச முடியும். சொந்தமாக ஒரு பிராக்டிஸ் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

இப்போது வழிமுறை. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலை அடுத்து அந்த வருடக் கடைசியில் வந்த என்ஐஏ சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பாருங்கள். ஏழு வருட வக்கீல் தொழில், அல்லது சட்ட அறிவு தேவைப்படும் அரசுப் பதவியில் ஏழு வருடம். இதுதான் தகுதி. எல்.எல்.எம். கேட்கவில்லை. படிக்க ஆசை இருந்தால் படியுங்கள், ஆனால் அதற்காகக் கோர்ட்டை விட்டு ஒரு வருடம் போக வேண்டாம். உங்களுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அதை முழுக்க விசாரணை நீதிமன்றத்தில் செலவிடுங்கள், முக்கியமாகக் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நின்று. இப்போதைய சீனியரை விட்டுவிடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பணிக்கு இடம் இருந்தால் விண்ணப்பியுங்கள். மகஜரில் எங்கே ஓட்டை இருக்கும் என்பது அதை உடைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். இடையில் டிஎன்பிஎஸ்சி நடத்தும் உதவி அரசு வழக்கறிஞர் தேர்வு வரும், அதற்குக் கிரிமினல் கோர்ட்டில் ஐந்து வருடத் தொழில் வேண்டும். சிபிஐக்கு உதவி அரசு வழக்கறிஞர்களை யுபிஎஸ்சி எடுக்கிறது. இரண்டு அறிவிப்புகளையும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

அப்பா ராணுவத்தில் இருந்தவர் என்பதால் இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தின் சட்டப் பிரிவான ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் பிரிவு சட்டப் பட்டதாரிகளை நேரடியாக அதிகாரிகளாக எடுக்கிறது. பட்டத்தில் 55 சதவீதமும் முதுகலைச் சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும். பயிற்சி நம் பரங்கிமலையில்தான். ஆண்களுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கிவந்த முறையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வயது வரம்பு 27. கடிதத்தில் உங்கள் வயது இல்லை, ஆகவே இதில் யோசிக்க அதிக நேரம் எடுக்காதீர்கள். அங்கே வேலை பெரும்பாலும் ராணுவ நீதிமன்றம், ராணுவச் சட்டம் சார்ந்தது. பயங்கரவாத வழக்குகள்தான் வேண்டும் என்றால் அது உங்கள் பாதையல்ல.

படிப்பு என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் டிஜிட்டல் சாட்சியம். இன்றைய உபா வழக்கில் பாதி வழக்கு செல்போனிலும் லேப்டாப்பிலும் இருக்கிறது. தகவல் மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு எப்போது எடுக்க வேண்டும், புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணுச் சாட்சியச் சான்றிதழை யார் தர வேண்டும், காப்பி எடுத்தவர் கூண்டில் ஏறினால் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்க வேண்டும். அடுத்தது சாதாரண சாட்சிகள். லாட்ஜில் ரூம் கொடுத்த கிளார்க், சிம் கார்டு விற்ற கடைக்காரர், பழைய பைக்கை விற்றவர் என்று இந்த வழக்குகள் அவர்களை வைத்துத்தான் நிற்கின்றன. லாட்ஜ் கிளார்க் சம்பவம் நடந்து ஐந்தாறு வருடம் கழித்துப் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்துக்கு வருவார். வேலை மாறியிருக்கும், கல்யாணமாகிக் குழந்தை இருக்கும், பயம் அப்படியே இருக்கும். ரிஜிஸ்டரில் இருப்பது தன் கையெழுத்துதானா என்று அவரே சந்தேகமாகப் பார்ப்பார். அவருக்குச் சொல்லிக்கொடுக்காமல், மிரட்டாமல், அவருக்கு நினைவிருப்பதை மட்டும் சொல்ல வைப்பது பெரிய திறமை. நினைவில்லை என்றால் இல்லை என்று சொல்ல விடுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இதற்கு வகுப்பு கிடையாது. உங்கள் சீனியரின் குறுக்கு விசாரணையைப் பின்னால் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். 2013 மே மாதம் இஸ்லாமாபாத்தில், பேநசீர் புட்டோ கொலை வழக்கை நடத்திவந்த அரசு வழக்கறிஞர் சவுத்ரி சுல்ஃபிகர் அலி நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியாவிலோ, 2010 பிப்ரவரியில் மும்பையில் ஷாஹித் ஆஸ்மி தம் அலுவலகத்திலேயே சுடப்பட்டு இறந்தார். அவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். மும்பைத் தாக்குதல் வழக்கில் ஃபஹீம் அன்சாரிக்காக வாதாடியவர். கசாபுக்குத் தூக்கு விதித்த அதே நீதிமன்றம் ஆதாரம் போதாது என்று அன்சாரியை விடுதலை செய்தது, அதைப் பார்க்க ஆஸ்மி உயிரோடு இல்லை. எந்தப் பக்கம் நின்றாலும் ஆபத்து அறவே இல்லை என்று அம்மாவிடம் பொய் சொல்லாதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் வழக்குகளில் அது கொடுக்கப்படும், சிறப்பு நீதிமன்றங்களிலும் கெடுபிடி அதிகம் என்பதைச் சொல்லுங்கள். வழக்கைப் பற்றி வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் பேச மாட்டேன் என்று இப்போதே பழகுங்கள். இந்த வேலையில் கல்யாண வீட்டுப் பேச்சுக்கூட யோசித்துத்தான் பேச வேண்டியிருக்கும், அந்தத் தனிமைக்கும் தயாராக இருங்கள்.

ஆசையை விட வேண்டாம் அம்மா. அவசரப்படவும் வேண்டாம். இந்தக் கோடை விடுமுறையில் ராஜீவ் கொலை வழக்கின் 1999 நளினி தீர்ப்பை முழுக்க உட்கார்ந்து படியுங்கள், நீளமானது, அலுக்காமல் படியுங்கள். மூன்று நீதிபதிகளும் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். விடுவிக்கப்பட்டவர்களில் யாராவது ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருக்கு எதிரே என்ன சாட்சியம் இருந்தது, நீங்கள் அன்றைக்கு அரசு வழக்கறிஞராக இருந்தால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கச் சொல்லியிருப்பீர்களா என்று இரண்டு பக்கம் எழுதி உங்கள் சீனியரிடம் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.