பிரெஞ்சு வினைச்சொல்லை 'ப்ளூஸ்-க-பார்ஃபே து சுப்ஜோங்க்தீஃப்' காலத்தில் எழுதுவது எப்படி?

'ஃபினீர்' (முடி), 'பர்த்தீர்' (கிளம்பு) இரண்டையும் இந்தக் காலத்தில் (கடந்ததற்கும் முந்திய செயலைச் சொல்லும் எழுத்து நடை வடிவம் இது) எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறீர்கள். எத்தனை அட்டவணை மனப்பாடம் செய்ய வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டே இரண்டுதான்: அவ்வார் (கொண்டிரு), எத்ர் (இரு) என்ற துணைவினைகள். 'முடித்திருந்தாலும்' என்று தமிழில் சொல்லும்போது 'முடித்து' அசைவதில்லை, 'இரு'தான் வளைந்து கொடுக்கிறது. இங்கேயும் அப்படித்தான். துணைவினையை 'சுப்ஜோங்க்தீஃப் ஆம்பார்ஃபே'யில் (ஐயம், பயம் போன்றவற்றுக்கான வினை வடிவத்தின் இறந்தகாலம்) வைத்து, பின்னால் 'பார்த்திசீப் பாஸே'யை (ஃபினி, பர்த்தி போன்ற எச்ச வடிவம்) ஒட்டினால் வேலை முடிந்தது.

அவ்வாரின் 'பாஸே சாம்ப்ல்' (கதைகளில் வரும் இறந்தகாலம்) வடிவங்களில் 'த்யூ'வுக்கு (நீ) உரியதை எடுங்கள்: இ-யு-எஸ் (eus). அதோடு எஸ்-இ சேர்த்தால் இ-யு-எஸ்-எஸ்-இ. இதுதான் 'ஜ'வுக்கான (நான்) வடிவம். இனி ஃபினீர் ('க' துணைவாக்கியத்தை இணைக்கும் சொல்; 'ஈல்' அவன் அல்லது அவர்கள், 'நூ' நாங்கள், 'வூ' நீங்கள்; 'க'வும் 'ஈல்'உம் சேர்ந்து 'கில்'):

க ஜூஸ் ஃபினி
க த்யூ யூஸ் ஃபினி
கில் யூ ஃபினி
க நூ ஸூஸியோன் ஃபினி
க வூ ஸூஸியே ஃபினி
கில் ஸூஸ் ஃபினி

(முதல் வரி பழக்கடை 'ஜூஸ்' மாதிரி காதில் விழும். பிரெஞ்சுக்காரர்களே சிரிக்கிற ஒலிதான் இந்த '-ஊஸ்'. 'ஊ'வுக்குக் குவிப்பது போல உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொன்னால் சரியான ஒலி வரும்.)

எழுத்தில் இ-யு-எஸ்-எஸ் வரை பொது. அதன் பின் வரும் ஈறுகள்: ஜ-வுக்கு இ, த்யூ-வுக்கு இ-எஸ், நூ-வுக்கு ஐ-ஓ-என்-எஸ், வூ-வுக்கு ஐ-இ-இசட், பன்மை ஈலுக்கு இ-என்-டி. ஒருமை 'ஈல்' மட்டும் தனி ஜாதி: இரட்டை எஸ் கிடையாது, இ-யு-டி, அதில் யு-வின் தலையில் ஒரு தொப்பி (eût).

எத்ரும் இதே அச்சுதான், முன்னால் இ-க்குப் பதில் எஃப்: க ஜ ஃபூஸ் பர்த்தி, க த்யூ ஃபூஸ் பர்த்தி, கில் ஃபூ பர்த்தி, க நூ ஃபூஸியோன் பர்த்தி, க வூ ஃபூஸியே பர்த்தி, கில் ஃபூஸ் பர்த்தி. எந்த வினைக்கு எத்ர் என்பது 'பாஸே கோம்போஸே'யில் (பேச்சில் வரும் சாதாரண இறந்தகாலம்) படித்த அதே பட்டியல். தன்னையே குறிக்கும் வினைகளும் ('ஸ லவே', தன்னைக் கழுவிக்கொள், போன்றவை) இதில் சேரும். எத்ர் வந்தால் பொதுவாக எழுவாய்க்கு ஏற்பப் பார்த்திசீப் பாஸேயின் முடிவில் பெண்பாலுக்கு இ, பன்மைக்கு எஸ் சேர்க்க மறக்காதீர்கள். அவ்வார் வந்தால், செயப்படுபொருள் முன்னால் நிற்கும்போது மட்டும் அதோடு இசையும்: 'செத்தே லா சோல் லெத்ர் கில் யூ எக்ரீத்', அவன் எழுதியிருந்த ஒரே கடிதம் அது. இங்கே 'எக்ரீ' 'எக்ரீத்' ஆனது 'லெத்ர்' பெண்பால் என்பதால்.

எதிர்மறை ('ன … பா') துணைவினையைத்தான் சுற்றிக்கொள்ளும்: 'பியான் கில் ந்யூ பா ஃபினி', அவன் முடித்திருக்காவிட்டாலும். பலர் 'பா'வை ஃபினிக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கிறார்கள்; அது தப்பு.

மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்தத் தொப்பியில்தான். தொப்பி இல்லாத இ-யு-டி வேறு காலம், 'பாஸே ஆந்தேரியர்' (சுப்ஜோங்க்தீஃப் அல்லாத முந்திய இறந்தகாலம்). இரண்டும் ஒரே ஒலி, காது உதவாது. 'அப்ரே க' (பிறகு) வந்தால் தொப்பி கிடையாது. 'பியான் க' (ஆனாலும்), 'அவான் க' (முன்பு) வந்தால் தொப்பி உண்டு. 'அப்ரே க'வுக்குப் பின் தொப்பி போடும் பிழையைப் பிரெஞ்சுக்காரர்களே தாராளமாகச் செய்கிறார்கள். சந்தேகம் வந்தால் எழுவாயைப் பன்மையாக்கிப் பாருங்கள். 'அப்ரே கில் ஸூர் ஃபினி' என்று வந்தால் தொப்பி வேண்டாம். 'பியான் கில் ஸூஸ் ஃபினி' என்று இரட்டை எஸ் வந்தால் தொப்பி போடுங்கள். அந்தத் தொப்பி தொலைந்துபோன ஒரு எஸ்-இன் அடையாளம். பழைய பிரெஞ்சில் இ-யு-எஸ்-டி என்றே எழுதினார்கள். ஒலிக்காத எஸ்-களை எடுத்துவிட்டுத் தொப்பி போடுவதைப் பிரெஞ்சு மொழிக் கழகமான அகாதெமியின் அகராதி 1740 பதிப்பில் ஏற்றுக்கொண்டது. 1990 எழுத்துத் திருத்தம் 'கூ' (விலை), 'கூ' (சுவை) போன்ற சொற்களின் யு-விலிருந்து தொப்பியைக் கழற்றியது, இந்த வினை ஈறுகளில் கை வைக்கவில்லை. (முதல் 'கூ' சி-யில் தொடங்கும், அடுத்தது ஜி-யில், தமிழ் எழுத்தின் வறுமைக்கு மன்னிக்கவும்.) தட்டச்சில் விண்டோஸில் ஆல்ட் பிடித்து எண் பலகையில் 0251; கைபேசியில் யு-வை அழுத்திப் பிடித்தால் போதும்.

எப்போது வரும்? தலைமை வினை இறந்தகாலம், துணைவாக்கியத்தின் செயல் அதற்கும் முன்பே முடிந்தது என்னும்போது. 'ஈல் க்ரேஞே கெல் ன ஃபூ பர்த்தி': அவள் போயிருப்பாளோ என்று பயந்தான். அந்த 'ன' எதிர்மறை அல்ல, பயத்தோடு வரும் வெறும் ஒட்டு. 'போயிருக்க மாட்டாளோ' என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். இன்றைய பேச்சில் இதே இடத்தில் 'சுவா பர்த்தி' என்று 'சுப்ஜோங்க்தீஃப் பாஸே'தான்.

இதே வடிவத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாவல் படிக்கிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான். 'கோந்திசியோனெல் பாஸே'யின் ('வந்திருப்பான்' போன்ற நிபந்தனை இறந்தகாலம்) இரண்டாம் வடிவமாக, 'க' எதுவும் முன்னால் இல்லாமலே வரும். 'சில் யூ ஸ்யூ, ஈல் ஃபூ வன்யூ': தெரிந்திருந்தால் வந்திருப்பான். 'ஸி'க்குப் ('ஆல்' என்ற நிபந்தனைச் சொல்) பின் கோந்திசியோனெல் கூடாது என்று வகுப்பில் படித்த விதி இதைத் தடுக்காது, இரண்டு பாதியிலும் வரலாம். 'ஈல் யூ ஃபல்யூ' என்றால் 'செய்திருக்க வேண்டும்'. 'ஓன் யூ தீ'யைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சொல்லியிருப்பார்கள்' என்றாகும். கதைகளில் அதன் பொருள் '…போல இருந்தது', அவ்வளவுதான்.