கேள்வி-பதில்: கிட்டாரில் செருகும் குட்டி ஆம்ப்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை: எலெக்ட்ரிக் கிட்டாரின் ஜாக்கில் (ஒயர் செருகும் துளையில்) நேராகச் செருகி, ஹெட்ஃபோனில் கேட்டு வாசிக்கும் பாக்கெட் ஆம்ப் (ஒலிபெருக்கிக் கருவி). மற்ற கடிதங்களை அடுத்த முறைக்கு வைத்துவிட்டேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வாசிக்க நேரம் கிடைக்கிறது. பக்கத்து அறையில் குழந்தை தூங்கும். இந்தக் குட்டி ஆம்ப் போதுமா? ஏற்கெனவே உள்ள ஸ்பீக்கர் ஆம்ப்பைச் சத்தம் குறைத்து வைத்துக்கொண்டால் ஆகாதா?

பயிற்சிக்குக் குட்டி ஆம்ப் தாராளமாகப் போதும். ஸ்பீக்கர் ஆம்ப்பைக் குழந்தை எழாத அளவுக்குக் குறைத்தால், கம்பியை மீட்டும் சத்தமே ஆம்ப்பின் சத்தத்தை மிஞ்சும். ஹெட்ஃபோனில் அந்தச் சிக்கல் இல்லை.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: கேபினெட் சிமுலேஷன் இருக்கிறதா? கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சடாரென்று குறைத்துவிடும். ஹெட்ஃபோன் அப்படிக் குறைக்காது. 20 கிலோஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் காதில் கொட்டும். ஸ்பீக்கர் செய்யும் அந்த வேலையைக் கருவிக்குள் உள்ள சர்க்யூட் செய்ய வேண்டும்; அதற்குத்தான் அந்தப் பெயர். நான் காசு கொடுத்து வீணாக்கிய ஒரு மலிவுக் கருவியில் இது இல்லாததுதான் குறை. டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே முரடாக்கும் டோன்) போட்டால் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கும். கடையில் கெயினை (அந்த முரட்டுத்தனத்தைக் கூட்டும் குமிழை) முழுக்க ஏற்றி, பல கம்பிகளைச் சேர்த்து ஒரே ஒரு கார்டை அடித்து அடங்கும்வரை கேளுங்கள். அடங்கும்போது 'ஸ்ஸ்ர்ர்' என்ற கரகரப்பு தனியாகப் பிரிந்து நின்றால் வேண்டாம்.

கேள்வி: பாட்டு கேட்க வாங்கிய விலை உயர்ந்த ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று என்னிடம் உண்டு. கன்வர்ட்டர் போட்டுக் கிட்டாரை அதில் கொடுத்தேன். சத்தம் குறைவு, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கல். கிட்டார் கெட்டுவிட்டதா?

கிட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப், பேட்டரி இல்லாத சாதாரண வகை என்றால், அதற்கு சுமார் 1 மெகாஓம் மின்தடை உள்ள இன்புட் வேண்டும். பாட்டு கேட்கும் ஆம்ப்பில் அது பெரும்பாலும் 10 முதல் 50 கிலோஓம்தான். அந்தச் சுமையில் பிக்கப் தரும் கூர்மையான மேல் ஒலி மடிந்துவிடும். இரண்டுக்கும் ஹெட்ஃபோன் ஆம்ப் என்றுதான் பெயர், ஆனால் வேலை வேறு. 'கிட்டார் இன்புட்' என்று போட்டிருப்பதையே வாங்க வேண்டும்.

கேள்வி: எது நல்லது? ஒரே வரியில் சொல்லுங்கள்.

எந்தக் கிட்டார், எந்த ஹெட்ஃபோன் என்று எழுதாதவருக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

கேள்வி: பெட்டியில் 'ப்ளூடூத்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என் வயர்லெஸ் இயர்பட்ஸ் அதோடு சேரவே இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், "இயர்பட்ஸ் பழசு, அதனால்தான்" என்று சொல்லிப் புதிதாக ஒன்றை என் தலையில் கட்டினார்கள். அதுவும் சேரவில்லை.

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அதுவும் இரண்டு முறை. உங்கள் மேல் தப்பே இல்லை. இந்த ஒரு சொல்லைப் பற்றி விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாதா மாதம் இதே அழுகை வருகிறது.

இந்தக் கருவிகளில் உள்ள ப்ளூடூத் ஏறக்குறைய எப்போதும் உள்ளே வருவதற்கு மட்டும்தான். ஃபோனில் ஓடும் பாட்டு ப்ளூடூத் வழியாக ஆம்ப்புக்கு வரும், அதனோடு சேர்ந்து நீங்கள் வாசிக்கலாம். வெளியே ஹெட்ஃபோனுக்குப் போவது ஒயரில்தான். ஃபெண்டரின் மஸ்டாங் மைக்ரோவும் பாஸ் (BOSS) நிறுவனத்தின் கட்டானா:கோவும் இப்படித்தான். வாக்ஸ் ஆம்ப்ளக் 2 வரிசையில் ப்ளூடூத்தே கிடையாது, பாட்டைக்கூட 3.5 மி.மீ. ஒயரில்தான் கொடுக்க வேண்டும். இது கஞ்சத்தனம் இல்லை, காரணம் இருக்கிறது. சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி 150 முதல் 250 மில்லி செகண்ட் வரை தாமதமாக வரும். படம் பார்க்கும்போது ஃபோன் படத்தையும் சேர்த்துத் தாமதப்படுத்திச் சமாளித்துவிடும். உங்கள் விரலை யார் தாமதப்படுத்துவது? நிமிடத்துக்கு 120 தாளத்தில் ஒரு பதினாறாம் நோட்டின் நீளம் 125 மில்லி செகண்ட். அதாவது நீங்கள் அடுத்த நோட்டை அடித்த பிறகுதான் முந்தைய நோட்டு காதுக்கு வரும். இன்னொரு விதமாகச் சொன்னால், ஒலி 200 மில்லி செகண்டில் காற்றில் 68 மீட்டர் போகும். அவ்வளவு தூரத்தில் ஆம்ப்பை வைத்துவிட்டு வாசிப்பதற்குச் சமம் இது. ஒயரிலோ சில மில்லி செகண்டுதான். மூன்றடி, ஆறடி தள்ளி ஆம்ப் இருப்பதுபோல. அது யாருக்கும் உறுத்தாது.

ஒயரே இல்லாமல் கேட்கும் கருவிகளும் உண்டு. பாஸின் வாசா-ஏர் ஒன்று. ஆனால் அதில் கிட்டார் ஒலி ப்ளூடூத்தில் போவதில்லை. கிட்டாரில் செருகும் தனி டிரான்ஸ்மிட்டரும் அதற்கென்றே செய்த ஹெட்ஃபோனும் சேர்ந்துதான் வரும். இந்த வித்தியாசம் விற்பவர்களுக்குத் தெரியும். 'பாட்டு உள்ளே வர மட்டும்' என்று பெட்டியில் நான்கு சொல் சேர்த்து அச்சடிக்க மை தீர்ந்துவிடாது. அச்சடிக்காததால்தான் இரண்டாவது இயர்பட்ஸ் விற்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். 'ஹெட்ஃபோனுக்கு ப்ளூடூத் இல்லை' என்று எங்குமே அச்சிடவில்லை என்பதைக் காட்டி, இரண்டு பொருளுக்கும் சேர்த்து எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். இயர்பட்ஸை விற்றபோது கடைக்காரர் சொன்ன காரணத்தையும் அதே கடிதத்தில் எழுதிவையுங்கள்.

கேள்வி: என் கிட்டாரில் ஜாக் பள்ளத்துக்குள் இருக்கிறது. ஆம்ப் முழுசாக உள்ளே போகவில்லை. அழுத்திப் பார்த்தேன். இப்போது ஜாக் ஆடுகிறது, சத்தம் விட்டு விட்டு வருகிறது.

போகவில்லை என்று தெரிந்த பிறகு எதற்கு அழுத்தினீர்கள்? ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில்) ஜாக் படகு வடிவப் பள்ளத்துக்குள் சாய்வாக இருக்கும். டெலியில் (டெலிகாஸ்டரில்) பல மாடல்களில் கிண்ணம்போல உள்வாங்கியிருக்கும். ப்ளக்கின் அடிப்பாகம் பருத்த கருவி இரண்டிலும் இடிக்கும். வாங்குவதற்கு முன்பே அளந்து பார்க்க வேண்டியது இது. ப்ளக் மடங்கித் திரும்பும் மாடல் என்றால் பெரும்பாலும் பொருந்தும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் 6.35 மி.மீ. ப்ளக், மறுபக்கம் அதே அளவு சாக்கெட் உள்ள மோனோ நீட்டிப்பு ஒயர் ஒரு சாண் நீளத்துக்கு வாங்கி, ஆம்ப்பை ஸ்ட்ராப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். ஜாக் கிட்டாரின் முகத்திலேயே உள்ள கிப்ஸன் எஸ்ஜி போன்ற கிட்டார்களுக்கும் நான் இதையே சொல்வேன். அங்கே கருவி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், முழங்கை ஒருமுறை பட்டால் நெம்புகோல்போல ஜாக்கையே பிடுங்கும்.

ஆடும் ஜாக்கை வெளியிலிருந்து நட்டை மட்டும் திருகி இறுக்காதீர்கள். உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றும், ஒயர் முறுக்கி அறுந்துவிடும். தகட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, தகட்டை மெதுவாகத் தூக்கி, பின்பக்கம் ஜாக்கை விரலால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். ஒயர் விட்டிருந்தால் சால்டர் வைக்க வேண்டும். ப்ளக்கின் நுனியைப் பிடிக்கும் வளைந்த தகடு தளர்ந்திருந்தால் அதைச் சற்றே உள்பக்கம் வளைத்துவிடுங்கள்.

கேள்வி: புதிய கருவி சார்ஜ் ஏறவில்லை. ஃபோனுக்கு வந்த சி-க்கு-சி கேபிளில் போட்டால் விளக்கே எரியவில்லை.

பழைய வகை ஏ-க்கு-சி கேபிளில் போட்டுப் பாருங்கள், எரியும். மலிவுக் கருவிகளில் யூஎஸ்பி-சி சாக்கெட் இருக்கும். 'எனக்கு மின்சாரம் கொடு' என்று சார்ஜரிடம் சொல்லும் 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்கள் இரண்டை மட்டும் மிச்சம் பிடித்திருப்பார்கள். அவை இல்லாமல் சி-க்கு-சி கேபிளில் சார்ஜர் ஒன்றும் தராது.

கேள்வி: ஓயாமல் 'ம்ம்ம்' என்று இரைச்சல். மாற்றித் தரச் சொல்லலாமா?

முதலில் கிட்டாரின் வால்யூம் குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்புங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது பிக்கப் பிடிக்கும் ஹம், ஆம்ப்பின் குற்றமில்லை. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால் மின்விளக்கின் டிம்மர், ஃபோன் சார்ஜர், கம்ப்யூட்டர் அடாப்டர் எல்லாவற்றையும் பிடிக்கும். உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் இரைச்சல் நன்றாகக் குறையும். கெயினையும் குறையுங்கள். குமிழ் பூஜ்ஜியத்தில் இருந்தும் நிற்கவில்லையா, சார்ஜர் ஒயரைப் பிடுங்குங்கள். அதில் நின்றால், சார்ஜ் போட்டபடி வாசிக்கக் கூடாது என்று அர்த்தம். அதிலும் நிற்கவில்லை என்றால் கருவியில்தான் கோளாறு. மாற்றித் தரச் சொல்லுங்கள், விடாதீர்கள்.

கேள்வி: மைக் உள்ள இயர்ஃபோனைப் போட்டால் பாட்டு ஏதோ ஓட்டையாகக் கேட்கிறது, கிட்டார் கேட்கவே இல்லை.

ப்ளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், பாருங்கள். கருவியின் சாக்கெட்டில் எர்த் சரியாகத் தொடவில்லை. அப்படி ஆனால் இடது, வலது இரண்டுக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிட்டார் மோனோ என்பதால் மொத்தமாகக் காணாமல் போகும். இரண்டு வளையம் உள்ள, மைக் இல்லாத ஹெட்ஃபோனைப் போடுங்கள். 32 ஓம் சுற்றியுள்ளதாக இருக்கட்டும். 250 ஓம் ஸ்டுடியோ ஹெட்ஃபோனை இந்தச் சின்ன பேட்டரியால் போதிய சத்தத்துக்குத் தள்ள முடியாது.

கேள்வி: ஆம்ப்பை அணைத்துவிட்டுத்தான் தூங்கப் போகிறேன். ஆனாலும் கிட்டாருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி அடிக்கடி தீர்ந்துபோகிறது.

உங்களுடையது ஆக்டிவ் பிக்கப், அதாவது பேட்டரியில் ஓடும் வகை. ஜாக்கில் எதைச் செருகினாலும் அந்த பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும். ஆம்ப் அணைந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. வாசித்து முடித்ததும் பிடுங்கி வையுங்கள்.

கேள்வி: ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். 'ஆறு மாதம்தான் ஆகிறது' என்றார். முக்கால் மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. மூடி ஒரு பக்கம் லேசாக விலகியிருக்கிறது. இப்போது அவர் ஃபோனை எடுப்பதில்லை.

மூடி விலகியிருப்பது லித்தியம் பேட்டரி உப்பியதால். விற்றவருக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும். மனசாட்சி இல்லாத வேலை. பணத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். இனி அதைச் சார்ஜில் போடாதீர்கள். மூடியை அழுத்தவோ குத்தித் திறக்கவோ கூடாது. பையில் வைத்துக்கொண்டு திரியாமல், தீப்பற்றும் பொருள் இல்லாத இடத்தில் வைத்து, பழைய பேட்டரி வாங்கும் மையத்தில் ஒப்படையுங்கள். அவர் அனுப்பிய விளம்பரம், பேச்சு, பணம் போன ரசீது மூன்றையும் சேமித்துவிட்டு, வாங்கிய தளத்தில் புகார் கொடுங்கள்.

மற்றவர்களுக்கு: உள்ளே மூடிய பேட்டரி உள்ள பழைய கருவியை, முழு சார்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஏஏஏ பேட்டரி போடுவது என்றால் இந்தப் பயமில்லை. மூடியைத் திறந்து ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கேள்வி: 100 டோன் உள்ளது வாங்கவா, மூன்றே குமிழ் உள்ளது வாங்கவா?

பயிற்சிக்கு மூன்று குமிழ். நூறு டோனில் நீங்கள் போடப்போவது நான்கு.

கேள்வி: மகன் தினமும் மூன்று மணி நேரம் ஹெட்ஃபோனோடுதான் இருக்கிறான். காது கெட்டுவிடுமா?

நேரத்தோடு அளவையும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். கிட்டாரில் ஆபத்து எங்கே என்றால், கெயின் குறைவாக உள்ள டோனில் வால்யூமை ஏற்றிவைத்துவிட்டு, அப்படியே டிஸ்டார்ஷனுக்கு மாற்றும் இடத்தில். சத்தம் ஒரேயடியாகப் பாயும்.

பையனுக்கு இந்த வரிசையைப் பழக்குங்கள். ஆம்ப்பின் வால்யூம் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும். கிட்டாரில் செருகி, ஸ்விட்சைப் போட்டு, 'டப்' சத்தம் வந்து போன பிறகுதான் ஹெட்ஃபோனைக் காதில் வைக்க வேண்டும். கிட்டாரின் குமிழை முழுக்கத் திறந்து, ஆகச் சத்தமான டோனைப் போட்டு, அதில் அளவு வைக்க வேண்டும். மற்ற டோன்கள் தாமாகவே குறைவாக இருக்கும். வாசிக்கும்போது நீங்கள் எதிரே நின்று சாதாரணமாகப் பேசுங்கள். பின்பக்கம் மூடாத (ஓப்பன்-பேக்) ஹெட்ஃபோனில் நீங்கள் பேசுவதே தெரியவில்லை என்றால் அளவு அதிகம்.

கேள்வி: பேஸ் கிட்டாருக்கும் இதையே போடலாமா?

போட்டால் எதுவும் உடையாது, ஆனால் அடி ஒலி மெலிந்துவிடும். பேஸுக்கென்று தனி மாடல் இருக்கிறது, அதை வாங்குங்கள்.