மலைச்சரிவு மண்: கேட்டவையும் என் பதில்களும்

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். இப்போது அரை ஏக்கரில் மரக்கறி போடுகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ராகலையிலிருந்து: அண்ணே, நேற்றுப் பின்னேர மழையில் லீக்ஸ் பாத்தித் தண்ணீர் சாயம் மாதிரி ஓடியது. குற்றம் மழை மேலா, என் மேலா?

இரண்டு பேரும் கூட்டு, தம்பி. ஐப்பசி இடிமழை காடு இருந்த காலத்திலும் இப்படித்தான் கொட்டியது. ஆனால் இலையிலும் சருகிலும் பட்டு மெல்ல இறங்கியது. நீங்கள் கிழங்கு கிண்டி, மண்ணை மாவாக்கி, கன்று நட்டு மூன்று வாரம்தான் இருக்கும். இலை இன்னும் மூடியிருக்காது. வெறும் மண்ணில் துளி விழுந்து உடைக்கிறது, அந்தப் பொடியே துவாரங்களை அடைக்கிறது. அப்புறம் தண்ணீர் உள்ளே போக வழியில்லை, சரிவில்தான் ஓடும்.

பாத்தியில் குந்திப் பாருங்கள். சின்னச் சின்னக் கற்கள் மண் தூண்களின் தலையில் நிற்கும். கல் குடைபிடித்த இடம் தப்பிவிட்டது, சுற்றியிருந்தது போய்விட்டது. அந்தத் தூணின் உயரம்தான் உங்கள் நட்டம். 1 மில்லிமீட்டர் போனாலே ஏக்கருக்கு 4 கனமீட்டர், கிட்டத்தட்ட 5 தொன்.

கந்தப்பளையிலிருந்து: பாத்தியை மேலிருந்து கீழாக வெட்டாவிட்டால் உருளைக்கிழங்கு அழுகுகிறதே, ஐயா?

நியாயமான பயம். குறுக்கே வெட்டுங்கள், ஆனால் மட்டமாக வேண்டாம். ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து ஓரக் கானில் (வடிகாலில்) விடுங்கள். தேயிலைத் தோட்டத்தில் வெட்டுவது போல கானுக்குள் இடையிடையே குழி இருந்தால் மண் அதில் தங்கும். தங்கியதை அள்ளி மேலே போட வேண்டும். அதைத்தான் யாரும் செய்வதில்லை!

ஊவா பரணகமையிலிருந்து: போன மண்ணுக்கு உரத்தைக் கூட்டினால் சரியா? கச்சான் காற்றும் மண்ணை அள்ளுமா?

சரிவராது, தங்கச்சி. முதலில் போவது மக்கிய சருகும் களிமண்ணும். உரத்தைப் பிடித்து வைப்பது அவைதான். மிஞ்சும் சரளையில் போட்ட உரமும் சேர்ந்து இறங்கிவிடும். உங்கள் பக்கத்து மண்ணை உமா ஓயா ரந்தெம்பே நீர்த்தேக்கம் வரை கொண்டுபோகிறது. காற்று ஆனி, ஆடியில் காய்ந்த தரையைக் கொஞ்சம் அள்ளும், மழை அளவுக்கு இல்லை.

தலவாக்கலையிலிருந்து: தேயிலை மண்ணைக் காக்கும் என்பார்கள். எங்கள் மலையில் வேரே வெளியே தெரிகிறதே?

நெருக்கமாக மூடிய தேயிலை காக்கும். செடி செத்து வெற்றிடம் விழுந்த மலையும், கவ்வாத்து (கிளை வெட்டு) முடிந்து மொட்டையாக நிற்கும் மலையும் காக்காது. புல்லைச் சுத்தமாகச் சுரண்டும் பழக்கம் கோப்பிக் காலத்தது. 1869இல் இலைநோய் வந்தது, பிறகு கோப்பி விழுந்தது, புல் சுரண்டும் கருவி மட்டும் மிஞ்சியது. நானும் ஆள் வைத்துச் சுரண்டியவன்தான்; மலை வழுவழுவென்று இருந்தால் தோட்டத் துரைக்குச் சந்தோஷம். இன்று அந்த வேர்களைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

கவ்வாத்துக் குச்சியைத் தேயிலைச் செடியடியிலேயே பரப்பி விடுங்கள். வெற்றிடத்தில் மானாப்புல் போடுங்கள். விறகுக்கு என்ன செய்வது என்பீர்கள்: நிழலுக்கு நட்ட கிரவேலியாவில் கிளை வெட்டிக்கொள்ளலாம்.