80 வருடம் ஆகியும் யூதர்கள் ஏன் ஹோலோகாஸ்டையே, அதாவது ஹிட்லரின் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததையே, பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

யூடியூபில் ஏதோ விவாதம் பார்த்த சூட்டில் கேட்டிருப்பீர்கள். தப்பில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "நம்ம நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வந்தாத்தான் சரிப்படும்" என்று வாராவாரம் எழுதும் பெரியப்பாவுக்கு நீங்கள் எவ்வளவோ தேவலை.

பெர்லினில் இருக்கிறேன். எங்கள் கட்டட வாசலில், நடைபாதையோடு நடைபாதையாக, உள்ளங்கை அளவில் மூன்று பித்தளைக் கற்கள். ஷ்டோல்பர்ஷ்டைன் என்பார்கள், தடுக்கிவிடும் கல்; நாஜிகளுக்குப் பலியானவர்களின் நினைவாகப் பதிப்பது. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-இல் தொடங்கியது. 2023-இல் ஒரு லட்சத்தைத் தொட்டது. "இங்கே வாழ்ந்தவர்" என்று ஆரம்பித்துப் பெயர், பிறந்த வருடம், கொண்டுபோன இடம். எங்கள் வாசலில் கடைசிக் கல் 1936-இல் பிறந்த ஒரு பிள்ளையுடையது. 1943, ஆஷ்விட்ஸ் வதைமுகாம்.

1938-இல் நாஜிகள் யூத ஜெபாலயங்களை எரித்த நாளான நவம்பர் 9 வந்தால், நாலாம் மாடிப் பாட்டி வாளியோடு இறங்கி வந்து இவற்றைத் தேய்ப்பார். (லிஃப்ட் ஓடி எட்டு மாதம்.) கல்லில் இருப்பவர்கள் உங்கள் உறவினர்களா என்று கேட்டு வருத்தம் தெரிவித்தேன். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "என் அப்பா சோவியத் செம்படையில் பெர்லின் வரை வந்தவர். எனக்கு ஹிட்லரை ஜெயித்த மே 9-தான் நாள். நாங்கள் ஜெயித்தவர்கள்."

பாட்டி உக்ரைனின் கார்கிவ் நகரில் பிறந்தவர். சோவியத் பாஸ்போர்ட்டில் இனம் என்று ஒரு வரி உண்டு. அப்பா யூதர், அம்மா உக்ரைனியர். 16 வயதில் எதைப் போடுவது என்று கேட்டபோது 'யூதர்' என்றாராம். அதனால் பட்ட பாடு தனிக்கதை. 1991-க்குப் பிறகு சோவியத் யூதர்களுக்கு ஜெர்மனி கதவைத் திறந்து, குடும்பத்தோடு சுமார் 2 லட்சம் பேர் வந்தார்களே, அதில் ஒருவர். இங்கே ஜெபாலயத்தில், அம்மா யூதர் இல்லையென்றால் உறுப்பினராக முடியாது என்றுவிட்டார்கள். மதச் சட்டம் அப்படி, நான் குறை சொல்லவில்லை. காசா பற்றியும் இங்கே பேசவில்லை, கமெண்டில் கிளம்பி வராதீர்கள்.

பாட்டியுடைய அப்பாவின் அம்மாவும் தங்கைகளும் கார்கிவுக்கு வெளியே 'ட்ரோபிட்ஸ்கி யார்' என்ற பள்ளத்தாக்கில் நாஜிகளால் சுடப்பட்டவர்கள். அவர்கள் வீட்டு வாசலில் கல் கிடையாது. இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்புறம் பேச்சே இல்லை, தேய்ப்பதோடு சரி.

போன நவம்பரில், அம்மா கொடுத்தனுப்பிய புளியைக் கரைத்து எடுத்துப் போனேன். பாட்டி முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். குத்துவிளக்கே இதில்தான் தேய்ப்போம் என்றேன். அந்தப் பிள்ளையின் பெயர்மேல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினார். பளிச்சென்று வந்தது.

"மிச்சத்தை வைத்துவிட்டுப் போ" என்றார்.