ஓவர்டிரைவ் மிதித்ததும் பேஸ் காணாமல் போவது பற்றி

ஓவர்டிரைவ் பெடலை (ஒலியைக் கரகரப்பாக்கும் கால்மிதி) மிதித்ததும் மேடையில் பேஸ் கிதார் கேட்பதில்லை, கிதாரையே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே, காசைப் பத்திரப்படுத்துங்கள். உங்களிடம் இருக்கும் டியூப் ஸ்க்ரீமர் பெடல் லீட் கிதாருக்கானது. தாழ்ந்த சுருதி ஒலியை வெட்டிவிடும். உங்கள் தடித்த ஈ (E) கம்பி, விரல் அழுத்தாமல் மீட்டினால், அதிர்வதே சுமார் 41 ஹெர்ட்ஸில்தான்! பிளெண்ட் குமிழ் (சுத்தமான ஒலியையும் கரகரப்பையும் கலக்கும் திருகு) உள்ள பேஸ் ஓவர்டிரைவ் பாருங்கள். பாஸ் (Boss) நிறுவனத்தின் ஓடிபி-3 பெடலில் அதற்கு ‘பேலன்ஸ்’ என்று பெயர். பாதியில் வையுங்கள்: சுத்தமான ஒலி அடியில் தாங்கும், கரகரப்பு மேலே வரும்.

கம்பி மாற்றி ஒரு வருடம் ஆயிற்று என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது; பழைய கம்பியில் ஒலி மங்கிவிடும். 45-105 தடிமனில் நிக்கல் ரவுண்ட்வவுண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றியது) ஒரு செட் போதும். கச்சேரிக்கு முந்தின நாளே மாட்டுங்கள். புதுக் கம்பி இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். அப்புறம், வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். வியர்வைதான் கம்பியைக் கொல்கிறது.