மரபணு நன்றாக இருந்தும் புற்றுநோய் வருமா? ஆர்.என்.ஏ. பற்றிய கேள்வி பதில்

செல்வி: மரபணு கெட்டால்தானே மார்பகப் புற்றுநோய் வருகிறது? இதில் ஆர்.என்.ஏ.வுக்கு என்ன வேலை, மேடம்?

மரபணு கெடுவதும் காரணம்தான், பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணு கெடுவது மாதிரி. ஆனால் மரபணுவில் ஒரு எழுத்துகூட (அதை ஆக்கும் வேதிக்கூறுகளைத்தான் எழுத்து என்கிறோம்) பிசகாமல் இருந்தும், அதிலிருந்து வரும் புரதத்தின் அளவு தாறுமாறாகலாம். அளவைக் கட்டுக்குள் வைப்பவற்றில் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ. நீளம் சுமார் 22 எழுத்துதான். புரதம் செய்வதற்கான செய்தியை மரபணுவிலிருந்து கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.வின் வால் பக்கம் போய் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாகாமல் தடுத்துவிடும். இதை ஒரு குட்டிப் புழுவில் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

ரமேஷ்: மார்பகப் புற்றில் எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.?

நிறைய உண்டு. மிர்-21 (மிர் என்றால் மைக்ரோ ஆர்.என்.ஏ.தான்) பல கட்டிகளில் எகிறிக் கிடக்கும். செல் பெருகுவதற்குத் தடை போடும் பி.டென் புரதத்தை அது அமுக்கிவிடும்.

எனக்குப் பிடித்தது மிர்-10பி. ட்விஸ்ட் என்ற புரதம் இதைத் தூண்டிவிடும். மிர்-10பி கூடினால் ஹாக்ஸ்-டி10 என்ற புரதம் குறையும். அது குறைந்தால், அதுவரை அடங்கியிருந்த ரோ-சி என்ற இன்னொரு புரதம் தலைதூக்கும். ரோ-சி கூடிய செல் இடம்பெயரத் தொடங்கிவிடும். 2007இல் புற்றுநோய் ஆய்வாளர் ராபர்ட் வைன்பெர்க்கின் குழு, பரவும் குணமே இல்லாத மார்பகப் புற்றுச் செல்களில் மிர்-10பியைக் கூட்டி எலிகளுக்குள் வைத்துப் பார்த்தது. அவை பரவின! கட்டி உருவாவது வேறு, பரவுவது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் பார்த்ததில்லை.

ஃபாத்திமா: நீளமான ஆர்.என்.ஏ.வும் உண்டாமே?

உண்டு. ஹாட்ஏர் என்று ஒன்று, சுமார் 2,200 எழுத்து. புரதம் எதையும் தராது. மரபணுக்களை மூடிவைக்கும் புரதக் கூட்டத்தை வேறு இடங்களுக்குக் கூட்டிப்போகும். கட்டியில் இது மிகுந்திருந்தால் நோய் பரவும் வாய்ப்பு அதிகம் என்று 2010இல் தெரிந்தது.

மீனா: அம்மாவுக்கு ஆரம்ப நிலை. ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்த்தால் போதுமா, அக்கா?

போதாதும்மா. மேமோகிராமுக்கும் பயாப்ஸிக்கும் அது மாற்று இல்லை. நடைமுறையில் இருப்பது வேறு: கட்டியில் 21 மரபணுக்களின் ஆர்.என்.ஏ. அளவைப் பார்த்து மதிப்பெண் தரும் ஆன்கோடைப் டிஎக்ஸ் என்ற சோதனை. ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) இருந்து, ஹெர்2 என்ற புரதம் மிகையாக இல்லாத கட்டிக்குத்தான் பொருந்தும். நிணநீர் முடிச்சுக்குப் பரவாத நிலையில், 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மதிப்பெண் 11 முதல் 25 வரை வந்தால், கீமோவால் கூடுதல் பயன் இல்லை என்று 2018இல் டெய்லர்எக்ஸ் ஆய்வு காட்டியது. அம்மாவின் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ரமேஷ்: அப்புறம், மருந்து?

மார்பகப் புற்றுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. வேறு புற்றுகளில் முயன்ற மிர்-34ஏ மருந்தின் சோதனை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016இல் நின்றுபோனது. தயாரிப்பது பெரிய பாடில்லை. கட்டிக்கு மட்டும் கொண்டு சேர்ப்பதுதான் தலைவலி.